பத்துக்கு எட்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஐந்து வருஷம் ஊசி குத்தியவள் வளர்மதி. சொந்த ஊர் அனந்தபுரம். அவள் குத்தினால் வலிக்காது என்று பேர். வாயைத் திறந்தால் வலிக்கும் என்பதும் பேர்தான். சர்க்கரை முந்நூறைத் தாண்டிய பெரியவர் யாராவது, "கொஞ்சம் கொறைச்சி எழுதிக் குடும்மா, ஊட்ல திட்டுவாங்க" என்று இளிப்பார். "நான் கொறைச்சி எழுதினா ஒடம்புல கொறைஞ்சிடுமா பெரிப்பா?" என்று கேட்டு, உள்ளதை உள்ளபடி எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவாள்.

அங்கே காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வந்து, ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தவன் ரஞ்சித். திருவண்ணாமலை ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்தவளையே ஏழு மாதம் கழித்து முறைப்படி பெண் கேட்டு வந்து கட்டிக்கொண்டான். கெட்டவன் இல்லை. அவள் அழுதால் தானும் அழுகிற ரகம். அந்த ரகம் எவ்வளவு ஆபத்து என்று அப்போது அவளுக்கு யார் சொல்வது?

மகன் எழிலனுக்குப் பத்து மாதம் ஆனபோதுதான் வளர்மதிக்கு உறுத்த ஆரம்பித்தது. பிஸ்கட் பாக்கெட் சரசரத்தால் அடுத்த அறையிலிருந்து தவழ்ந்து வருகிற பிள்ளை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. முகத்துக்கு நேராகப் போய் நின்றாலும் கண் அவளைத் தாண்டி மின்விசிறிக்குப் போய்விடும். காட்டியதைப் பார்ப்பதில்லை, கை நீட்டிக் கேட்பதில்லை. விழுப்புரத்தில் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகத்தான் இருந்தது.

"ஆம்பளப் புள்ளைங்க லேட்டாதான் பண்ணும். இவங்க நைனாவே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றாள் மாமியார் ராஜம்மாள். ரஞ்சித்தும் தலையாட்டினான். வளர்மதி ஆட்டவில்லை. குழந்தை டாக்டர் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டாள்.

நம்பர் சென்னையில் இருந்தது. இப்படிப்பட்ட கைக்குழந்தைகளின் அம்மாக்களுக்குப் போன் வழியாகவே பயிற்சி கொடுக்கிற ஒரு சின்ன அமைப்பு. பேசியவர் பெயர் கவிதா.

"ஆட்டிசம்னு நான் சொல்லல வளர்மதி. அதுக்கான அடையாளம் சிலது தெரியுது. இதுக்கு ஒரு பேர் வைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒன்றரை வயசுக்குள்ள நாம என்ன செய்றோமோ அதுக்குப் பலன் அதிகம். இப்பவே ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

ஒன்றரை வயசுக்குள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வளர்மதி வேலையை விட்டாள். வேண்டாம் என்று பரிசோதனை நிலையத்துக்காரர் எவ்வளவோ சொன்னார். கேட்டால்தானே.

பயிற்சி சுலபம் மாதிரி இருக்கும், செய்தால்தான் தெரியும். பாயில் குழந்தைக்கு நேராக, அவன் கண் உயரத்துக்குக் குனிந்து உட்கார வேண்டும். அவனை இழுக்கக் கூடாது. அவன் எதைப் பார்க்கிறானோ அந்த வழியில் போய் நம் முகத்தை வைக்க வேண்டும். அவன் மூடியை உருட்டினால் நாமும் மூடியை உருட்ட வேண்டும், அவன் "ப்பூ" என்றால் நாமும் "ப்பூ". பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வளர்மதிக்கு அந்தக் கடைசிப் பாடத்தில்தான் உயிர் போனது. வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் இதை வீட்டு ஆள் ஒருவர் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை கவிதா மேடம் அதை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பேசுவார். "இங்க பாருங்க, அவன் மூச்சு இழுக்கிறான், ஏதோ சொல்ல வர்றான். அதுக்குள்ள நீங்க பேசிட்டீங்க" என்பார். வளர்மதி தலையில் அடித்துக்கொள்வாள். முதல் வாரமே, "குழந்தைக்குப் பின்னாடி பீரோ கண்ணாடி இருக்கு. திரும்பித் திரும்பி அதையே பார்க்கிறான், மூடிடுங்க" என்றதால் ஒரு பழைய புடவையை எடுத்து பீரோவின் மேல் தொங்கவிட்டாள்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் பத்து முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எத்தனை முறை திரும்பினான் என்று கவிதா மேடம் குறித்துக்கொள்வார்.

வீடியோ எடுத்தது ரஞ்சித். போனில் அவனுக்குத் தெரியாத வித்தை இல்லையே. வளர்மதியின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேல் போனைப் பிடித்துக்கொள்வான். குழந்தையின் முகம் அப்போதுதான் நன்றாக விழும்.

முதல் வாரம் பத்துக்குப் பூஜ்யம். இரண்டாம் வாரம் ஒன்று, அதுவும் ஜன்னலில் குரங்கு வந்ததற்குத் திரும்பியது. அன்றைக்குப் பாயிலேயே குப்புறப் படுத்து அழுதாள். மூன்றாம் வாரம் ஐந்து.

ஐந்து! அவளால் நம்பவே முடியவில்லை. "எழிலா" என்றதும் கையில் இருந்த மூடியை விட்டுவிட்டுப் பளிச்சென்று நிமிர்ந்தான். நேராகக் கண்ணுக்குள் இல்லை, கொஞ்சம் காதோரமாகத்தான் பார்த்தான். அதனால் என்ன, முதலில் அப்படித்தான் வரும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "மாமா, பாத்தீங்களா மாமா, என்னப் பாக்கறான்" என்று அவள் குரல் உடைவது வீடியோவில் கேட்கும். ஆறாம் வாரம் ஏழு. எட்டாம் வாரம் எட்டு.

"ரொம்ப நல்ல முன்னேற்றம்" என்றார் கவிதா மேடம். "எங்ககிட்ட இடம் கம்மி வளர்மதி. காத்திருக்கிற குழந்தைங்க நிறைய. உங்க இடத்தை அடுத்த குழந்தைக்குக் கொடுக்கலாம்னு நினைக்கிறேன். மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை பேசலாம். உங்களுக்குச் சம்மதமா?"

வளர்மதி ரஞ்சித்தைப் பார்த்தாள். அவன் போன் சார்ஜரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "உன் இஷ்டம் வளரு" என்றான். பாவம் இன்னொரு பிள்ளையும் பிழைக்கட்டும் என்று சம்மதித்தாள் மகராசி.

அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் எழிலனுக்கு மொட்டை போட்டார்கள். ரஞ்சித்தும் பக்கத்தில் உட்கார்ந்து தன் தலையையும் காட்டினான். "உங்களுக்கு எதுக்கு மாமா?" என்று கேட்டதற்கு, "தோணுச்சி" என்றான். புருஷனுக்குப் பிள்ளை மேல் இவ்வளவு பிரியமா என்று பூரித்துப் போனாள். இப்போது நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊருக்கு வந்து பாயைச் சுருட்டி வைத்தாள். அடுத்த இரண்டு வாரம் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள், மாடியில் துணி காயப்போடும்போது கூப்பிட்டாள், குளிக்க வைக்கும்போது கூப்பிட்டாள். எழிலன் திரும்பவில்லை. ஒரு முறைகூட இல்லை. தப்பு தன்னிடம்தான் என்று நினைத்தாள். கவிதா மேடம் சொல்லிக் கொடுத்த தொனியை மறந்துவிட்டோமோ, அவசரப்படுகிறோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சரி, அப்போது எப்படிக் கூப்பிட்டோம் என்று பார்த்துக் கற்றுக்கொள்வோம் என்று, ஒரு காலை நேரத்தில் பழைய வீடியோக்களைத் திறந்து உட்கார்ந்தாள். தன்னிடமே பாடம் கேட்க உட்கார்ந்த அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆறாம் வார வீடியோ. நான்காவது நிமிஷத்தில் மின்விசிறிக் காற்றில் பீரோப் புடவை ஒரு பக்கம் விலகியிருந்தது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதற்கு மேலே ரஞ்சித். ஒரு கையில் போன். இன்னொரு கையை அவள் காதுக்குப் பக்கத்தில் நீட்டியிருந்தான். கடையில் சாவிக்கொத்தில் மாட்டி விற்பானே, நீலமாக மினுக்கும் ஒரு பொடி லைட், அது விரல் நடுவில் இருந்தது. அவள் "எழிலா" என்கிறாள். அவன் கட்டைவிரல் அமுக்குகிறது. குழந்தை நிமிர்கிறது.

திரும்பப் போட்டாள். அதேதான். புடவை விலகியிருந்த நேரத்தில் மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். மூன்று முறையும் கட்டைவிரல்.

மதியம் சாப்பிட வந்தவன் முன்னால் சோற்றை வைக்கவில்லை. போனை வைத்தாள். வீடியோ ஓடி முடிந்தது. ரஞ்சித்தின் மொட்டைத் தலையில் முடி கால் அங்குலம் வளர்ந்திருந்தது, அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"எல்லா வாரமுமா?"

"ரெண்டாவது வாரம் நீ அழுத பாரு, அத என்னால பாக்க முடியல வளரு. ஒரே ஒரு தடவ காட்டலாம்னுதான் மூணாவது வாரம் ஆரம்பிச்சேன். நீ அவ்ளோ சிரிச்ச. அப்பறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

"எடத்த உட்டுத் தரலாமான்னு அந்த மேடம் கேட்டாங்களே. அப்ப உன் வாயில இன்னா இருந்துச்சி?" நீங்க என்பது எப்போது நீ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் மெதுவாக, "எனக்கும் ஆசை வளரு. இவனுக்கு ஒண்ணும் இல்லன்னு யாராச்சும் சொல்லணும்னு" என்றான்.

"அதுக்கு என்னை வெச்சி ஏமாத்துவியா? என் புள்ள என்னப் பாக்கறான்னு அனந்தபுரம் மொத்தமும் போன் போட்டுச் சொன்னேன் மாமா. கோயில்ல நின்னு நன்றி சொன்னேன். நீயும் பக்கத்துல உக்காந்து தலைய செரச்சிக்கினியே, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க உக்காந்த?"

"உனக்காகத்தான்…"

"எனக்காகன்னு சொல்லாத. இன்னும் ஒரு மாசம் நான் அழுதிருப்பேன், அவ்ளோதானே? அழுதா செத்தா போயிடுவேன்? அவனுக்கு அந்த ரெண்டு மாசம் திரும்பி வருமா?"

ராஜம்மாள் சமையலறை வாசல் வரை வந்து, "புருஷன் ஏதோ ஆசையில பண்ணிட்டான், உடும்மா" என்றாள். "நீங்க பேசாதீங்க அத்த" என்று ஒரே சொல்லில் வளர்மதி அவள் வாயை அடைத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் ரஞ்சித்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலைக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

கவிதா மேடத்திடம் அவனையே பேச வைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வைத்தாள். லைட் என்று சொன்னபோது அவன் குரல் இறங்கிப்போனது. "கேக்கல, சத்தமா சொல்லு" என்றாள்.

"உங்க இடத்தை வேற குழந்தைக்குக் கொடுத்தாச்சு" என்றார் கவிதா மேடம். "திரும்ப வாங்க முடியாது வளர்மதி. காத்திருக்கிறவங்கள்ல உங்க பேரைச் சேர்த்துக்கறேன். நாலு மாசம் ஆகலாம்."

எழிலனுக்கு அன்றைக்குப் பதினான்கு மாதம் முடிந்திருந்தது. நாலைக் கூட்டிப் பார்க்க வளர்மதிக்குக் கணக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

"ஆனா இப்ப வீடியோ கால்ல ஒரு தடவை அவனைப் பார்க்கறேன். இடைப்பட்ட நாள்ல நீங்களே வீட்ல என்ன செய்யலாம்னு சொல்லிட்டுப் போறேன். எப்பவும் உட்கார்ற மாதிரியே பாய் போட்டு உட்காருங்க. போனை எங்கேயாவது சாய்ச்சு வைங்க, யாரும் பிடிக்க வேண்டாம். அப்பா குழந்தை கண்ணுக்குப் படாத இடத்துல இருக்கட்டும்."

பாயை விரித்தாள். பீரோப் புடவையை நான்கு பக்கமும் இழுத்துச் செருகினாள். போனைப் பக்கவாட்டில் அரிசி டப்பாவின் மேல் சாய்த்தாள். ரஞ்சித்தைக் குழந்தைக்குப் பின்னால், பீரோவின் ஓரமாகத் தரையில் உட்காரச் சொன்னாள். அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எழிலன் மூடியை உருட்டினான். அவளும் உருட்டினாள். காத்திருந்தாள்.

"எழிலா."

மூடியை விட்டான். நிமிர்ந்தான். இரண்டு வாரம் எங்கே கூப்பிட்டும் திரும்பாதவன், பாயில் உட்கார்ந்ததும் முதல் கூப்பாட்டுக்கே நிமிர்ந்துவிட்டான். அவன் கண் அவள் முகத்தில் நிற்காமல், காதைத் தாண்டி, தோளுக்கு மேலே போய் வெறும் சுவரில் நின்றது. அங்கே தேடினான். உதட்டில் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"வளர்மதி, உங்களுக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா?" என்றார் கவிதா மேடம்.

"யாரும் இல்ல மேடம்."

அவன் பார்க்கிற வழியில் முகத்தை வைக்கத்தானே கற்றுக்கொடுத்தார்கள். வளர்மதி மெதுவாகச் சாய்ந்து, அவன் பார்வைக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள். "எழிலா" என்றாள் இன்னொரு முறை. பிள்ளை அவளைச் சுற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். மறைக்கிற கதவைத் தள்ளுகிற மாதிரி அவள் கன்னத்தில் கை வைத்துத் தள்ளினான்.

பீரோ ஓரத்தில் ரஞ்சித் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"மூடாத மாமா, கைய எட்த்துட்டுப் பாரு" என்றாள் வளர்மதி. "நான் கூப்புட்டா புள்ள உன் லைட்டத் தேடுது."