பூஜ்யம் வைத்தவன்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. என் கண்ணால் பார்த்தேன், என் காதால் கேட்டேன். சைலீசியா நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து வருஷம் வாயு அளந்தவன் நான். பெயர் ஹூபர்ட்.

வேலை இதுதான். கையடக்க மீட்டரைச் சுத்தமான காற்று வரும் இடத்தில் பிடித்து முதலில் பூஜ்யம் வைக்க வேண்டும்; அந்தக் காற்றையே 0.0 என்று வைத்துத்தான் அது அளக்கும். பிறகு கரி வெட்டும் இடத்துக்குப் போய், கூரையோரம் உயர்த்தி, மீத்தேன் எத்தனை சதவீதம் என்று பதிவு செய்ய வேண்டும். ஒன்றைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிடுவார்கள். நான் சொல்லும் எண்ணை நம்பித்தான் வெடி வைப்பார்கள். எண் தப்பினால் அங்கே நிற்கும் எட்டுப் பேரும் சாம்பல்.

அன்று காலை ஷிஃப்ட். மேஸ்திரி அலோயிஸ் என் மீட்டரை எடுத்துக்கொண்டு எனக்கு முன்பே இறங்கியிருந்தான். என் தங்கை புருஷன்தான்.

"மச்சான், பூஜ்யம் நானே வச்சுட்டேன். நேரா போய் அளந்துட்டு வா. இன்னைக்கு வேலை நின்னா என் தலைதான் உருளும்."

மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது? வாங்கிக்கொண்டு நடந்தேன்.

முதல் இடம்... 0.0. பதிவு செய்தேன்.

இரண்டாம் இடம்... 0.0.

அந்தப் பாதையில் எப்போதும் 0.3 ஆவது காட்டும். இன்று மட்டும் இவ்வளவு சுத்தமா?

மூன்றாம் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை. தலைவிளக்கு எரியவில்லை.

"கடவுள் துணை!" என்றேன். நிலத்துக்கடியில் யார் எதிர்ப்பட்டாலும் நாங்கள் சொல்வது அது. பகையாளிகூடப் பதிலுக்குச் சொல்லிவிடுவான்.

அவர் சொல்லவில்லை.

முடி கருகிய நாற்றம்... எங்கிருந்து?

"பூஜ்யம் யாரு வச்சது?" என்றார்.

"அலோயிஸ்... என் தங்கச்சி புருஷன்."

"எனக்கும் அவன்தான் வச்சுக் குடுத்தான்."

விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினேன். வலது காது இல்லை.

பிறகு... அவரே இல்லை.

ஓடினேன். காற்று வரும் வழியில் நின்று மீட்டரை நீட்டினேன்.

மைனஸ் 1.8.

சுத்தக் காற்றில் பூஜ்யத்துக்கும் கீழே! அப்படியானால் அவன் வாயு நிறைந்த இடத்தில் நின்று பூஜ்யம் வைத்திருக்கிறான். எங்கே அளந்தாலும் 1.8 குறைத்தே காட்டும். நான் 0.0 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 1.8! பாவி! என் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் அவன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே!

சுரங்க ஃபோனில் கத்தி, வெடியை நிறுத்தி, எட்டுப் பேரையும் வெளியேற்றினேன். மேலே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"உன்னை நம்பித்தானடா போனேன்! என்னையே பலி குடுக்கப் பாத்தியா?"

"எப்பவும் போல ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன், மச்சான்..."

கீழே பார்த்ததைச் சொன்னேன். மீசை, காது, அவர் சொன்ன வார்த்தை, எல்லாம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எர்வின்... உன்னை மாதிரி வாயு அளந்தவரு. நான் அவர் கையாளா சேர்ந்த வருஷம் வெடிச்சதுல செத்துட்டாரு. பூஜ்யம் சரியா வைக்காதது அவர் தப்புன்னு விசாரணையை முடிச்சாங்க."

"அன்னைக்கு அவருக்கு நீ வச்சுக் குடுத்தது யாருக்குத் தெரியும்?"



"அவருக்கும் எனக்கும் மட்டும்தான்."

அவன் வேலை போயிற்று. தெருவில் எதிர்ப்பட்டால் இன்றும் "கடவுள் துணை, மச்சான்" என்கிறான். நான் பதில் சொல்வதில்லை.