கறார் அக்காவும் பினாயில் வாடையும்

எங்கள் விலங்குக் காப்பகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. உள்ளே ஓர் உயிர் போனால், எதனால் போனது என்று அன்று மாலைக்குள் அதில் எழுதிவிட வேண்டும். எங்கள் தவறு என்றால் அதையும். எழுதுகிறவர், பூனை அறையைப் பார்த்துக்கொள்ளும் கறார் அக்கா. "முதுமை" என்று எழுதச் சொன்ன டாக்டரிடமே, "வயசானா எல்லாரும் இன்னிக்கே செத்துடறோமா? என்ன கெட்டுச்சுன்னு சொல்லுங்க" என்று மல்லுக்கு நின்றவர். கேட்டைத் திறந்து மூடுகிற எனக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான்.

அன்று காலை ஒரு பூனைக்குட்டி நுரை தள்ளிச் செத்தது. அறையெல்லாம் பினாயில் வாடை. கழுவியவன் அக்காவின் தம்பி. பூனைக்கு விஷமான அதைத் தண்ணீர் விட்டு அலசவில்லை. அக்கா கெஞ்சிக் கூத்தாடி வாங்கித் தந்த வேலை. அவன் மனைவி நிறைமாதம் வேறு.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "பிறவியிலேயே பலவீனம்னு எழுதிடுங்க. சாயங்காலம் நன்கொடைக்காரங்க வர்றாங்க. உங்க தம்பி வேலையும் தப்பும்."

அக்கா சாக்பீஸை எடுத்தார். எழுதித் தொலைக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். சட்டென்று அக்காவின் முகம் வெளிறியது. அதே அறையிலிருந்து இன்னொரு குட்டியை ஒரு தம்பதி காலையில் தத்தெடுத்துப் போயிருந்தார்கள்.

என் மேசைமேலிருந்த போனைப் பிடுங்கினார். "குட்டி கால நக்குதாம்மா? நக்க விடாதீங்க. சோப்புத் தண்ணில கழுவிட்டு உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. பினாயில் பட்டிருக்கு. தப்பு எங்களோடது." அந்தப் பெண் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. யார் செய்த வேலை என்று கேட்டாள். தம்பி எதிரிலேயே நின்றான்.

"என் தம்பிம்மா."

மேலாளர் உடனே பிளேட்டைத் திருப்பினார். "அப்ப இவனத் தூக்கிட்டோம்னு எழுதுங்க. வர்றவங்களுக்கும் திருப்தியா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "சார்தானே அலச வேணாம், நன்கொடைக்காரங்க வர்றதுக்குள்ள வாசன போயிடும்னாரு!"

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானேடா?"

"வேலை போயிடும்னு பயம், அக்கா."

அக்கா எழுதினார். அலசாதது என் தம்பி. அலச வேண்டாம் என்றது மேலாளர். அறையைப் பார்க்காமல் இன்னொரு குட்டியை அனுப்பியது நான்.

மாலையில், குட்டி பிழைத்துவிடும் என்று போன் வந்தது. கறார் அக்கா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அந்த நேரம் பார்த்து வெளியே கார் ஹாரன்.

"பலகைய அழிச்சிட்டுக் கேட்டைத் திற," என்றார் மேலாளர் என்னிடம்.

அக்கா, தம்பி இருவர் வேலையோடு என் வேலையும் போகும் என்று தெரிந்தது. அழிக்காமலே கேட்டைத் திறந்துவிட்டேன்.