டிம்பனியும் நைட் ஷிப்டும்

டிம்பனி வாசிக்கிறவனுக்கு அடிக்கிற வேலை கொஞ்சம், அடித்ததை அடக்குகிற வேலைதான் அதிகம். மேலதிகாரி முன்னால், மாமனார் முன்னால், ரேஷன் கடை வரிசையில் என்று எங்காவது தினம் ஒரு சத்தத்தை அடக்கிக்கொண்டு வாழ்கிறவர்கள்தானே நீங்களும்? அந்த உரிமையில் நெய்வேலிக் கதை சிலவற்றை உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். அறுபதுகளின் தொடக்கம். சுரங்கம் தோண்டிக்கொண்டே இருந்தார்கள், குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் ஸ்டோர்ஸில் டெம்பரரி கிளார்க்.

பெட்டியைத் திறந்தவன்

டவுன்ஷிப் கிளப்புக்கு ஒரு வாத்தியக் குழு வேண்டும் என்று வெல்ஃபேர் ஆபீசருக்கு ஆசை வந்தது. எங்கோ கலைக்கப்பட்ட ஒரு பட்டாளத்து பேண்டிலிருந்து சாமான்கள் வந்து இறங்கின. ஸ்டோர்ஸில் பெட்டியைத் திறந்தவன் நான். உள்ளே ஆளை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம் போல பெரிதும் சின்னதுமாக இரண்டு செம்புக் கிண்ணங்கள், வாயில் தோல் கட்டியிருந்தது. டிம்பனி என்கிற மேளம் அதுதான். விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். பக்கத்தில் நின்ற வெல்ஃபேர் ஆபீசர், "பையனுக்குக் கை வருதே" என்றார். விழாவில் குழு பேர் வாங்கினால் என்னை பெர்மனென்ட் செய்யச் சிபாரிசு பண்ணுவதாகவும் சொன்னார். நான் அதுவரை வாசல் கதவைத் தவிர எதையும் தட்டியதில்லை. ஆனால் பெர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்ட பிறகு எந்த டெம்பரரி உண்மை பேசுவான்?

எங்கள் பேண்ட் மாஸ்டர் மரியதாஸ், திருநெல்வேலிக்காரர், பட்டாளத்தில் ஊதி ரிட்டயர் ஆனவர். முதல் நாளே என் குட்டு அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கவலைப்படவில்லை. பெரியதை அடித்தால் சின்னது தானாக முனகும், முனகாமலிருக்க அதன்மேல் ஒரு துணி போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அடிக்கத எவனும் அடிச்சிருவாம்லே. அத எப்ப வாயை மூடச் சொல்லணும்னு தெரிஞ்சவந்தான் வாசிக்கவன்."

டர்க்கி டவல்

முதலில் போட்ட துணி என் டர்க்கி டவல். குளித்துவிட்டு நேரே ஒத்திகைக்கு வந்ததால் அது ஈரம். ஈரத்தைக் குடித்த தோல் தொய்ந்து, மேளம் ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி பேசியது. மறுநாள் காய்ந்த டவலைப் போட்டேன். மூன்றாவது அடியில் அது வழுக்கி கிளாரினெட்காரர் மடியில் விழுந்தது. விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் ஒரு சத்தம், ஒரு சாண் தள்ளினால் வேறு சத்தம் என்று ஒரு வாரம் டவலை நகர்த்திக்கொண்டே இருந்தேன். கிளாரினெட்காரர் கடைசியில் பொறுமை இழந்து, "நீ மேளம் வாசிக்கிறியா, கொழந்தைக்குத் துணி மாத்துறியா?" என்றார்.

உபயோகம் என்ன?

ஃபெல்ட் என்கிற முரட்டுக் கம்பளித் துணிதான் சரி என்றார் மாஸ்டர். ஃபெல்ட் எங்கள் ஸ்டோர்ஸிலேயே இருந்தது, மெஷினுக்காக. ஆனால் ஸ்டோர்ஸ்காரனே ஆனாலும் இண்டெண்ட் என்கிற தேவைச் சீட்டு போடாமல் ஒரு துண்டு எடுக்க முடியாது. அதில் 'உபயோகம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் யோக்கியமாக 'மேளத்தின் சத்தத்தைக் குறைக்க' என்று எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய ஒர்க்‌ஷாப் ஃபோர்மன் நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் நிற்கிறவர், காது பாதி போனவர். அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: "சத்தமே வரக்கூடாதுன்னா மேளத்த ஸ்டோர்லயே வச்சுப் பூட்டிடேன்பா, எதுக்கு ரெண்டு சாமான் வேஸ்ட்டு?"

அஞ்சலையின் திண்டு

ஒத்திகை நடந்த ஷெட்டுக்கு ஒட்டியே குவார்ட்டர்ஸ். முதல் வீட்டில் சுப்பராயன். கம்மாபுரம் பக்கத்துக்காரர், நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்கு ஈடாக வேலை கிடைத்தவர். மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆப்பரேட்டர். நைட் ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். எங்கள் ஒத்திகையும் சாயங்காலம்தான்.

ஒரு நாள் அவர் மனைவி அஞ்சலை ஷெட்டுக்குள் வந்தாள். சண்டை போட வந்தாள் என்று மாஸ்டரே எழுந்துவிட்டார். அவள் கையில் இலவம்பஞ்சுத் திண்டு ஒன்று இருந்தது. அதை நேரே கொண்டுவந்து பெரிய மேளத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் இரண்டு அமுக்கு அமுக்கினாள். "இப்ப அடிங்க தம்பி" என்றாள். அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெத்தையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. எத்தனையோ நாள் நான் தேடிய சத்தம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. போகும்போது அவள் சொன்னாள்: "அவரு இங்க தூங்கினாத்தான் அங்க முழிச்சிகினு இருப்பாரு. மெஷின்ல கண்ணசந்தா ஆளு வூடு வந்து சேராதுங்க."

அதற்கப்புறம் அந்த வார்த்தை காதிலேயே இருந்தது. சுப்பராயனின் ஷிப்ட் சார்ட்டைப் பிரதி எடுத்து ஷெட் சுவரில் ஒட்டினேன். அவருக்கு முதல் ஷிப்ட் என்றால் சாயங்காலம் வீட்டில் விழித்திருப்பார், ஃபெல்ட் போதும். இரண்டாம் ஷிப்ட் என்றால் அந்த நேரத்தில் அவர் சுரங்கத்தில் இருப்பார், மேளம் அம்மணமாக இருக்கலாம். நைட் ஷிப்ட் என்றால் திண்டு. எந்தப் பாட்டுக்கு எந்த மூடி என்று மாஸ்டர் போட்டிருந்த பட்டியல் அதன் அடியில் மறைந்துபோனது. அதைப் பார்த்து அவர் சொன்னது: "பாட்டுக்குத் தாளம் கேள்விப்பட்டிருக்கேன், ஷிப்டுக்குத் தாளம் இப்பந்தாம்லே பாக்கேன்."

விழா

ஆண்டு விழாவுக்கு ஒரு புது இசை. எடுத்த எடுப்பில் டிம்பனி ஒரே ஓர் அடி, பிறகுதான் மற்றவர்கள். அதை ஒத்திகை பார்த்த வாரம் முழுக்க சுப்பராயனுக்கு நைட் ஷிப்ட். திண்டின்மேல் அடித்தேன். "கேக்கல, ஓங்கி அடி" என்றார் மாஸ்டர். ஓங்கினேன். "இன்னும்" என்றார். வாரக் கடைசியில் தோளிலிருந்து விறகு பிளக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் அது சரியாகக் கேட்டது.

விழா அன்று மேடையில் திண்டை ஞாபகமாக எடுத்துவிட்டேன். தோளின் பழக்கத்தை எடுக்க மறந்தேன். மாஸ்டர் கையை இறக்கினார், நானும் இறக்கினேன். பிரதம விருந்தாளியின் மாலை மடியில் விழுந்தது. கிளாரினெட்காரர் ஊதுவதற்கு மூச்சில்லாமல் நின்றார். கொட்டாய்க்கு வெளியே இருந்த வாட்ச்மேன் சுரங்கத்துக்குப் போன் போட்டு, இன்று எந்தப் பக்கம் வெடி வைத்தார்கள் என்று விசாரித்தான். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த நைட் ஷிப்ட்காரர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள், சுப்பராயன் உட்பட. பெர்மனென்ட் போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிசப்தத்தில் அஞ்சலையின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "யம்மாடி, இத்தினி நாளா இதையா நம்ம திண்டு அமுக்கி வச்சிகினு இருந்திச்சி?"

சிபாரிசு

மறுநாள் காலையில் வெல்ஃபேர் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். டெம்பரரியும் போயிற்று என்று நினைத்தே போனேன். அவர் நேற்றைய சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை நாளும் பிளாக்கிலிருந்து மேளத்தைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லையே, எப்படி என்றார். ஷிப்ட் சார்ட்டையும் திண்டையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். பேனாவைத் திறந்தார்: "உன் இடம் மேடை இல்லப்பா, குவார்ட்டர்ஸ் கம்ப்ளெய்ன்ட் செக்‌ஷன். பெர்மனென்ட்."



முதல் புகார்

மேளத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். அவர் நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவர். சங்கீதத்தை மூடி வைப்பது பாவம் என்று சார்ட்டைக் கிழித்தார், திண்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். நான் புது நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாம் வாரம் அஞ்சலை வந்து நின்றாள். தன் வீட்டுக்காரர் நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றாள். புதுக்காரரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். மேளத்தில் தலையிடுவது கம்ப்ளெய்ன்ட் செக்‌ஷன் வேலை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதையே அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க பெர்மனென்ட் ஆயிட்டீங்க தம்பி. எங்க வூட்டுத் தூக்கந்தான் டெம்பரரி ஆயிட்ச்சி" என்றாள்.

அவள் புகாரை எழுதிக்கொண்டு, அதன் கீழே 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று என் கையாலேயே எழுதி முத்திரை குத்தினேன். எப்பேர்ப்பட்ட சத்தத்தையும் அந்த மூன்று வார்த்தை மாதிரி அடக்குகிற பஞ்சு இந்த உலகத்தில் இன்னும் விளையவில்லை.