களைக்குக் காவல்

போன ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டில் இருக்கும் என் மச்சானைப் பார்க்கப் போனேன். மனுஷர் குச்சியும் கையுமாகத் தம் நிலத்தில் நின்று வெள்ளாடுகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

விவசாயி ஆடு விரட்டுவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நிலத்தில் பயிர் இருந்தால் அதிசயமில்லை. இருந்ததெல்லாம் களை... சுத்தமான களை.

என் மனைவிக்கு இவர் கூடப் பிறந்த அண்ணன். "எங்க அண்ணனுக்குப் புத்தி கித்தி பிசகிப் பூடுச்சா இன்னான்னு பாத்துகினு வரலாம், வாங்க" என்று அவள்தான் என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினாள். ஆயுசு முழுக்கக் களை பிடுங்கின கை, களைக்கே காவல் நிற்கிறது என்றால் தங்கை சும்மா இருப்பாளா?

விஷயம் இதுதான். யுத்தத்தின்போது பட்டாள லாரிகளை நிறுத்த இந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். லாரிகள் போயின, நிலம் திரும்பி வந்தது — சிமெண்ட் தரை மாதிரி இறுகி, ஆயில் நாற்றத்தோடு. மச்சான் ஏர் பூட்டினார். கொழு முறிந்ததுதான் மிச்சம். வீட்டில் ரேஷன் அரிசி. செங்கல் சூளைக்காரர் ஒருவர் மண்ணை வெட்டிக்கொள்கிறேன் என்று நடையாய் நடந்தார். மச்சான் சம்சாரம் ராஜம்மாவும் கொடுத்துவிடலாம் என்றே சொல்லிவந்தார். மண் போனால் அப்புறம் அது நிலமில்லை, பள்ளம். இன்னொரு மழை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவர் மச்சான் மட்டும்தான்.

முதல் மழைக்கு வெடிப்புகளில் நெருஞ்சி வந்தது. அடுத்த மழைக்கு அருகம்புல் வந்து அதை மூடியது. இப்போது கொழிஞ்சி முழங்கால் உயரம் நிற்கிறது. நெருஞ்சியைத் தேடினேன் — வரப்போரம் ஒன்றிரண்டுதான். இறுகிய தரையில் முதலில் வேர்விட்டது அது. இன்று சொகுசாக நிற்பது பின்னால் வந்தது. சுயராஜ்யம் வரப்போகிறது என்கிறார்கள்... ஜெயிலுக்குப் போனவர்களையும் நாற்காலிக்குப் போகப்போகிறவர்களையும் நினைத்துக்கொண்டேன். போகட்டும், நமக்கேன் அரசியல்?

"இதுக்கப்புறம் நெல்லு வருமா மச்சான்?"

"தெரியலியே மாப்ளே. கல்லு மாரி கெடந்த எடத்துல இதுங்களாவது வந்துகீது. மேய வுட்டா மறுபடியும் கல்லாப் பூடும்."

அந்த நேரம் பார்த்துச் சூளைக்காரர் ஓர் ஆளோடும் மண்வெட்டியோடும் வந்துவிட்டார், முடிவு கேட்க. மச்சான் பக்கத்தில் நின்ற சம்சாரத்தைப் பார்த்தார்.

"மண்ணு இன்னா பதத்துல கீதுன்னு பாத்துக்கறேம்மா" என்றார் சூளைக்காரர். ஆள் ஒரு வெட்டு வெட்டினான். மண்வெட்டி மெத்தென்று இறங்கியது. ராஜம்மா குனிந்து அந்தக் கட்டியை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கட்டியை எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்தார்.

"இங்க குடித்தனம் வந்துகீது அண்ணாத்தே. இனிமே காலி பண்ணச் சொல்ல முடியாது. வந்ததுக்கு மோர் குட்சிட்டுப் போ."

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஜாஸ்தி என்றார். என் மனைவிக்கும் அதே வெயில்தான் போலிருக்கிறது. முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

நெல் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெண்டாட்டி சம்மதித்த பிறகு எந்த நிலம்தான் விளையாமல் இருந்திருக்கிறது?