ஜாபர் ஜீப்புக்கு வைக்காத படி

நேற்று குமணன்சாவடி சிக்னலில் என் ஸ்கூட்டரை ஒட்டி உயரமான புது ஜீப் ஒன்று வந்து நின்றது. கதவைத் திறந்ததும் அடியிலிருந்து ஒரு படி தானாக நீண்டது. பெரியவர் ஒருவர் அதில் கால் வைத்து நிதானமாக இறங்கிப் போனார். பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

வண்டி என்றால் எனக்கு ஏறி உட்காரத்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிடைத்த கூட்டாளி ஜாபர் அப்படியில்லை. ராணுவம் கழித்துப்போட்ட பழைய ஃபோர் வீல் ஜீப்பை ஏலத்தில் எடுத்திருந்தான். டீசலும் ஈரத் தார்ப்பாயும் கலந்த அதன் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. முன்சீட்டு அவனுடைய அத்தாவுக்கு; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான். கனத்த உடம்பு, முட்டிவலி வேறு. ஆனாலும் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டால் ராஜாதான்.

கொரட்டூர் ஏரியை ஒட்டி அவர்கள் வீடு. ஒரு மழையில் அத்தாவுக்கு மூச்சுத் திணறியபோது ஜீப் தெருத் தண்ணீரில் அணைந்துவிட்டது. படகு வந்ததால் பிழைத்தார். ஜாபருக்கு அன்று பிடித்தது வெறி.

"ஆக்சிலு பட்ட மேல குந்திகினு கீது மாமே. பட்டையத் தூக்கி ஆக்சிலு மேல வெச்சா வண்டி தானா ஒசந்துக்கும்."

பட்டை என்றால், லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த ஸ்பிரிங். ஞாயிறுதோறும் அவன் போல்ட்டைக் கழற்ற, நான் டார்ச்சைத் தப்பான பக்கம் பிடிப்பேன். பெரிய டயரும் சேர்ந்து ஜீப் ஒரு சாண் உயர்ந்தது. வாசலில் உட்கார்ந்து பார்த்த அத்தா கேட்டார்: "நான் எப்பிட்றா ஏறுறது?"

"மழைக்கு முன்னாடி படி அட்ச்சிர்லாம் அத்தா."

படிக்குத் தகடும் வெட்டினான். அதற்குள் பிரேக் ஹோஸ் எட்டவில்லை, ஸ்டியரிங் ஆடுகிறது என்று வேலைக்கு மேல் வேலை. படி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மழை முந்திக்கொண்டது. தெருவே காலி செய்து போனபோதும் ஜாபர் அசையவில்லை. "நம்மகிட்டதான் ஜீப்பு கீதே" என்றான். துணைக்கு நானும் அங்கே இருந்தபோது அத்தாவுக்கு மறுபடி மூச்சு இழுத்தது. வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அவர் கால் எட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி தண்ணீரில் நழுவியது. நாங்கள் இருவரும் தூக்கிப் பார்த்தோம், வலியில் முனகினார். "உட்ருங்கடா. தண்ணி வடியட்டும்."

தண்ணீர் வடியவில்லை. அவர் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் பள்ளிவாசலிலிருந்து நாலு பேர் மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியோடு வந்தார்கள். அத்தாவை அதில் கிடத்தி ஒரே தூக்கில் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மேட்டிலிருந்த அடக்கஸ்தலம் வரை இடுப்பளவுத் தண்ணீர். வண்டி ஓரிடத்திலும் அணையவில்லை. "நல்லா போவுது இல்ல?" என்று ஜாபர் கேட்டான்.

அந்த வீடு இப்போது இல்லை, ஃபிளாட் எழும்பிவிட்டது. ஜாபரின் நம்பரில் வேறு யாரோ பேசுகிறார்கள். ஜீப்பை அவன் பழைய இரும்புக்குப் போட்ட அன்று நானும் கூடப் போயிருந்தேன். பின்சீட்டைத் தூக்கியபோது படிக்கென்று வெட்டிய தகடு அடியில் கிடந்தது. அதையும் சேர்த்தே எடை போட்டார்கள்.