பல்லைப் பார்த்துப் போட்ட வயசு

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாக உப்பு வாருகிற இன்னாசியம்மாள் வாயைத் திறந்தால் மேஸ்திரிகூட ஒதுங்கிப் போவான். அப்பேர்ப்பட்டவள் எழுபத்தினாலாம் வருஷக் கோடையில் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, மூணு நாள் வாயே திறக்காமல் வேலை செய்தாள். நாலாம் நாள் திண்டிவனம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ரசீதோடு நேரே கம்பெனி ஆபீசில் வந்து நின்றாள்.

கிளார்க் அருள்பிரகாசம் ரசீதைத் தொடவேயில்லை. "வைத்தியத் திட்டத்துல பல்லு சேராதும்மா. காய்ச்சல், ஆபரேஷன் எல்லாம் எப்பவாவது, யாருக்காவது வர்றது. கம்பெனி தாங்கும். பல்லு எல்லாருக்கும்தான் சொத்தையாவுது. பல் டாக்டருக்குப் படிப்பே வேற, காலேஜே வேற. அதான் தனியா வெச்சிட்டாங்க."

"என் வாய் மட்டும் தனியாவா வேலைக்கு வருது?"

"ரூல் அப்படி."

இன்னாசியம்மாள் நகரவில்லை. "என் வயசு என்னான்னு ரிஜிஸ்டரைப் பாத்துச் சொல்லுங்க."

புரட்டினார். "ஐம்பத்தாறு. இன்னும் ரெண்டு வருஷத்துல ரிடையர்மென்ட்."

"ஞானஸ்நானச் சீட்டுகூட இல்லாம வந்தவளுக்கு, அந்த வயசை யாருங்க போட்டது?"

அருள்பிரகாசம் அந்த வரியை மறுபடி பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்து உத்தேசமாகப் போட்ட வயசு என்று அதிலேயே எழுதியிருந்தது.

வீங்கிய கன்னத்தோடு அவள் மேஜைமேல் இருந்த பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"பல்லு வைத்தியத்துல சேராதுன்னா, அந்த வயசையும் அடிச்சிடுங்க."