தொலைநோக்கியில் உப்பு

உதயகலாவும் மகன் பிரணவனும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு சின்னத் தொலைநோக்கியைத் துடைத்தது. பெருவிரல் அளவுக் குழல். பார்வை குறைந்த பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்க ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொள்வது. அது தொண்டைமானாற்றுச் சிறுமி ஆரபியினுடையது. அவள் இப்போது பலகையைப் பார்த்து எழுதுவதில்லை என்று ஆசிரியை முறையிட்டதால், உதயகலா அதைச் சரிபார்க்க வாங்கிவந்திருந்தார்.

பிரணவன் பொறியியலாளர். "வில்லையிலை கீறல் இல்லை, அம்மா. விளிம்பிலை உப்பு."

"வகுப்புக்குள்ளை ஏதடா உப்பு?"

அவன் குழலின் குவிய வளையத்தைக் காட்டினான். மிகத் தூரத்துக்குத் திருகியிருந்தது. எந்தக் கரும்பலகையும் அவ்வளவு தூரத்தில் இருக்காது.

"அப்ப அவள் எங்கை பாக்கிறாள்?"

ஒன்று விளங்காவிட்டால் உதயகலாவுக்குச் சோறு இறங்காது. பார்வை குறைந்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் அவர் வேலை. புத்தூரில் ஒரு பையன் தலையைச் சரித்து வாசிக்கிறான் என்று எல்லாரும் அதட்டினார்கள். இவர் அவனிடமே கேட்டார். சரித்தால்தான் எழுத்து ஆடாமல் நிற்கிறது என்றான். பள்ளிக்கூடத்துக்கே போய், அவன் கேட்ட பக்கமாக முன்வரிசை வாங்கில் இருத்திவிட்டு வந்தார்.

மகன் கொழும்புக்கு ரயிலேறியதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குப் போனார். குழலைக் கண்டதும், ஆரபியை முந்திக்கொண்டு கைநீட்டியவர் அவளது தகப்பன் சிவகரன்.

"தம்பி, உமக்கும் கண் தெரியாதோ?"

அவர் தலையைச் சொறிந்தார். "இல்லை அக்கா... கடலிலை தூரத்தை நிக்கிற போட் ஆரின்ரை எண்டு பாக்க. நல்லாத் தெரியுது."

"அன்ரி, அப்பா கடலாலை வரமுந்தி பள்ளிக்கூட மணி அடிச்சிடும்" என்றாள் ஆரபி. "கேட்டா, உன்ரை பலகை ஓடாது, போட்தான் ஓடும் எண்டுறார்."

உதயகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரைக்குப் போய்த் தானும் பார்த்தார். போட்டின் இலக்கம்வரை தெரிந்தது.

"ஓம், ஆசை வரத்தான் செய்யும். உமக்கு வேறை ஒண்டு தேடித் தாறன். இது இனிப் பள்ளிக்கூடப் பையை விட்டு வெளிக்கிடக் கூடாது."

"நீங்கள் தருமட்டும்?"

"தருமட்டும் கண்ணைச் சுருக்கிப் பாரும். உம்மடை மகள் பிறந்ததிலை இருந்து அப்பிடித்தான் பாக்கிறாள்."

சிவகரன் குழலை மகளிடம் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் பழைய இருகண் தொலைநோக்கி ஒன்று கிடைத்தது. கழுத்துப் பட்டி அறுந்திருந்தது. பின்னேரம் மகனோடு தொலைபேசியில் கதைத்தார். "பட்டி இல்லாமல் குடுத்தால் முதல்நாளே கடலுக்குள்ளை போட்டிடுவார். பிறகும் பிள்ளையின்ரையிலைதான் கை வைப்பார். சனிக்கிழமை பட்டி வாங்கிப் பூட்டிக் கொண்டுபோறன்."

வியாழக்கிழமை உதயகலாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

ஆரபியின் குழல் இப்போது பையில் இருக்கிறதா, கடலுக்குப் போகிறதா என்று பிரணவனுக்குத் தெரியாது. இருகண் தொலைநோக்கிக்கு அவனும் இன்னும் பட்டி வாங்கவில்லை.